படத்தில் இருப்பவர் அவரில்லை

நம் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவளிடம் நல்ல வார்த்தைக்குப் பஞ்சமா? உட்கார வைத்தால் நாள் முழுக்க அறிவுரை சொல்வேன். வீட்டில் கேட்க ஆளில்லை, அதுதான் குறை. ஆனால் அறிவுரை என்றால் நீங்கள் முதல் பத்தியோடு எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் இந்த வேலையில் நான் மிகவும் பயந்துபோன சில நாட்களைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் துணிக்கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள்.

அப்போது நாளிதழின் வார இறுதிப் பக்கங்கள் என் பொறுப்பில் இருந்தன. சமையல், உடை, வீட்டு அலங்காரம் எல்லாம் அதில் வரும். செய்திப் பிரிவுக்காரர்கள் அதைக் கோலப் பக்கம் என்று கிண்டல் செய்வார்கள். போகட்டும். நம் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்கள் உடை விஷயத்தில் எங்கள் பக்கத்தைக் கேட்டு நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டு நடந்தது கைப்பேசியில் வந்துகொண்டிருந்த வேறொரு பக்கத்தை. அதன் பெயர் 'கழுத்துக்குக் கீழே'.

பெயருக்கு ஏற்றபடி அதில் வரும் படங்கள் எல்லாம் கழுத்தோடு நின்றுவிடும். முகம் கிடையாது. எழுதுபவர் யார், எங்கே வேலை, எந்த வட்டாரம், ஒன்றும் தெரியாது. புடவை, கை, கால், பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். அவ்வப்போது காணொளி வரும். அதில் இடது கையால் கொசுவம் மடித்துக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு வலது கைக்காரர்கள் எல்லாம் இடது கையால் மடித்துப் பழகினார்கள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். ஒருமுறை ரவிக்கைக்குப் பதிலாக ஆண்களின் கோடு போட்ட சட்டை, மாம்பழ நிறப் புடவை, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ என்று நின்றார். பார்த்துச் சிரித்தேன். அடுத்த மாதம் ஒரு கல்யாண விருந்துக்குப் போனால் மேசைக்கு மேசை கோடு போட்ட சட்டை. வீட்டுக்கு வந்து நானும் என் கணவரின் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் அவர் தன் அலமாரியைப் பூட்டிவிட்டார்.

பிறகு தீபாவளி நெருங்கியது. அந்தப் பக்கத்தில் இப்படி வந்தது: 'இந்த வருடம் கடைக்குப் போகாதீர்கள். அலமாரியைத் திறங்கள். நீங்கள் மறந்துபோன ஒரு புடவை உள்ளே இருக்கும். அதன் ஓரத்தில் மஞ்சள் வையுங்கள். புதுசுதான்.'

புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டுக் கட்டுவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. பழைய புடவைக்கு மஞ்சள் வைத்தால் அது புதுசாகிவிடும் என்று இவர்தான் முதலில் சொன்னார். பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் புடவை, பத்து வருடத்துக்கு முன் எடுத்த புடவை என்று ஆளாளுக்கு மஞ்சள் பூசிய ஓரத்தைப் படமெடுத்துப் போட்டார்கள். தேக்காவில், அதுதான் உங்கள் லிட்டில் இந்தியாவில், துணிக்கடைக்காரர்கள் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருடம் முழுக்க அவர்கள் காத்திருப்பது அந்த ஒரு பருவத்துக்காகத்தான்.

எங்கள் மூத்த கட்டுரையாளர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தேக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கடைக்காரர்களின் வயிற்றெரிச்சல் அவருக்குத் தன் வயிற்றிலேயே எரிந்தது. முகத்தைக் காட்டத் துணியாத ஒருவர் நம் பண்டிகையையும் நம் வியாபாரத்தையும் கெடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை பதிப்பில் வெளுத்து வாங்கியிருந்தார். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. யாரோ அனுப்பிய நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டு எழுதியதுதான்.

கட்டுரையோடு ஒரு படம் வந்தது. கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் ஒரு பெண் பூ வாங்கிக்கொண்டிருக்கிறார். மாம்பழ நிறப் புடவை, கோடு போட்ட சட்டை, வெள்ளை ஷூ. முகம் பளிச்சென்று தெரிகிறது. படம் எடுத்தவர் "அவங்களாத்தான் இருக்கும்" என்றாராம். சார் "அவங்களேதான்" என்றாராம். அச்சுக்குப் போகும்போது படத்துக்குக் கீழே 'சர்ச்சைக்குரிய பக்கத்தை நடத்துபவர், சந்தையில்' என்று ஆகியிருந்தது. உடையை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஊரே ஒரே உடையில் திரியும்போது!

படத்துக்குக் கீழே எழுதும் அந்த ஒரு வரி இருக்கிறதே, கட்டுரையை விட அதற்குத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும். கட்டுரையைப் பாதியில் விடுபவர்கள்கூட அந்த வரியைப் படித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை மதியம் என் மேசைக்கு ஒரு அழைப்பு வந்தது. பெண் குரல், கிசுகிசுவென்று பேசியது.

"மேடம், நேத்து பேப்பர்ல போட்டோ வந்துச்சு இல்ல, அந்த டிரஸ் மேட்டர். அது நான். ஆனா நான் அவங்க இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. நிதானமாகச் சொல்லச் சொன்னேன்.

"அவங்க போட்ட மாதிரி நானும் போட்டேன், அவ்ளோதான் லா. எல்லாரும்தான் போடறாங்க. பூ வாங்கிட்டு இருந்தேன், யாரோ போட்டோ எடுத்தாங்க, டூரிஸ்ட்னு நெனச்சேன். அவங்க லெஃப்ட் ஹேண்ட், மேடம். போட்டோல பாருங்க, நான் ரைட் ஹேண்ட்ல காசு குடுக்கறேன். அந்தப் பேஜைப் பாக்கற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவர் பெயர் தேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்காங்கில் வீடு. தேக்காவிலேயே டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. காலையில் இரண்டு இளைஞர்கள் உள்ளே வந்து, பத்திரிகையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனையின் பெயரோடு அந்தப் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக்கு வெளியே போனபோது ஒருவன் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறான். அவர் நின்றால் அவனும் நின்றான். கடைசியில் காதோரமாக வந்து, "தீபாவளி வரைக்கும் இந்த ரோட்ல நடந்துருவியா நீ?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனானாம். தேவி சாப்பிடாமல் திரும்பி ஓடி வந்து, கழிவறைக்குள் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

போலீசில் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லிட்டேன். ஆளு எப்படி இருப்பான்னு கேக்கறாங்க. நான் திரும்பியே பாக்கலையே, பயத்துல." மூச்சு வாங்கினார். "நானே அந்தப் பேஜ்ல எழுதினேன் மேடம். 'ப்ளீஸ், அது நீங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு. டெலீட் பண்ணிட்டாங்க. மத்தவங்க லெஃப்ட் ஹேண்ட் பத்தி எழுதினதையும் டெலீட் பண்ணிட்டாங்க. ரெண்டு வருஷமா அவங்க பேஜைப் பாக்கறேன். ஏன் அப்படிப் பண்ணாங்க?"

நாங்கள் திருத்தம் போடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் ஒருவர் தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பித் திருத்தம் போட்டு, அதுவும் தவறாகிவிட்டால் என்ன செய்வது? அதனால் 'கழுத்துக்குக் கீழே' பக்கத்துக்கே எழுதிக் கேட்டேன். பதில் சீக்கிரமே வந்தது: 'அது நான் இல்லை. தயவுசெய்து பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள். நேரில் வந்து சொல்கிறேன்.'

கேலாங் சிவன் கோயில் பக்கத்தில் ஒரு காப்பிக்கடைக்கு வரச் சொன்னார். தேக்காவிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம் என்று போன பிறகு புரிந்தது. சாயங்காலம் நான் போய் உட்கார்ந்ததும் ஒரு பெண் எதிரில் வந்து நின்றார். எங்கோ பார்த்த முகம்.

"பச்சை பார்டர் நல்லா இருக்கா மேடம்? கட்டினீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் சிராங்கூன் ரோட்டில் ஒரு பெரிய துணிக்கடையில் எனக்குப் புடவை எடுத்துக் காட்டிய பெண். கவிதா என்று சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வந்தவர். தினமும் முதலாளியின் கடையில் நின்று புடவை விற்றுக்கொண்டே, கடைக்குப் போகாதீர்கள் என்று எழுதியவர் இவர்தான்.

"அந்த வெள்ளைச் சுவரு எங்க கடை ட்ரையல் ரூம் மேடம். கூட வேலை பாக்கற பொண்ணுங்கதான் வீடியோ எடுப்பாளுங்க. விளையாட்டா ஆரம்பிச்சோம். ஒத்தப் பைசா வாங்கினதில்ல."

"அப்புறம் ஏம்மா வாங்காதீங்கன்னு எழுதினே?"

"கார்டை நீட்டிட்டு, அது போற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறவங்களை நான்தான் எதுத்தாப்ல நின்னு பாக்கறேன். 'வேண்டாம்க்கா, வீட்டுக்குப் போங்க'ன்னு வாயால சொல்ல முடியாதுல்ல." அழ ஆரம்பித்தார். "இம்புட்டு பேரு கேப்பாங்கன்னு நெனக்கல மேடம். சத்தியமா நெனக்கல."

அவருடைய பயத்தை அவரே வரிசையாகச் சொன்னார். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து முதலாளி, ஆள் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷமாக இருக்கிறார். அது அவள் இல்லை என்று நாங்கள் எழுதினால், வேறு யார் என்று தேடுவார். முதலாளி அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இடது கை என்று யாராவது அவர் காதில் போட்டுவிட்டால் போதும். கடையில் இடது கையால் எதையும் எடுத்துத் தரக் கூடாது, ராசியில்லை என்று சேர்ந்த அன்றே திட்டியிருக்கிறார். அதிலிருந்து கடைக்குள் எல்லாம் வலது கைதான். ஆனால் இவர் இடது கைக்காரர் என்பது முதலாளிக்கு மறந்திருக்காது.

"அதான் ராத்திரி பூரா உக்காந்து கமெண்ட்டை எல்லாம் அழிச்சேன். பகல்ல போனை முதலாளி டேபிள்ல குடுத்துரணும், சாப்பிடப் போறப்ப மட்டும்தான் தருவாரு. இன்னிக்குக் கோயிலுக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

"அந்தப் பொண்ணு எழுதினதையும் அழிச்சிட்டியே. அவ பயந்து செத்துக்கிட்டு இருக்கா."

"தெரியும் மேடம்." தலையை நிமிர்த்தவில்லை. "வேலை, தங்கற இடம், ரெண்டும் அவர் கையில. என்னை மட்டும் அனுப்பினா போறேன். வீடியோ எடுத்த நாலு பேரையும் சேத்து அனுப்புவாரு. தீபாவளி முடியட்டும் மேடம். அதுவரைக்கும் போடாதீங்க."

நான் முடியாது என்று சொன்னேன். தவறு செய்தது பத்திரிகை, அடி வாங்குவது தேவி. அதற்கு மேல் ஒருநாள் கூட நான் அதை நீட்டிக்க முடியாது. உன் பெயர் என் வாயிலிருந்து வராது, ஆனால் திருத்தம் வரும் என்றேன். நான் கை ஓங்கியதைப் போல என்னைப் பார்த்தார். கோயிலுக்குள் போகாமலேயே பேருந்து ஏறிப் போய்விட்டார். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்தும் அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

திருத்தத்தின் வாசகத்தை ஆசிரியரும் வழக்கறிஞரும் பார்த்துச் சரி சொல்ல மறுநாள் ஆனது. புதன்கிழமை பதிப்பில் வருவதாக இருந்தது. அதற்குள் செவ்வாய்க்கிழமை பிற்பகல் தேவி கூப்பிட்டார். அதற்குள் நான் அவருக்கு அக்காவாகியிருந்தேன்.

"அக்கா, என்னை மெரட்டினவங்க எல்லாம் ஒரே கடை ஆளுங்களாம். பக்கத்துக் கடைல சொன்னாங்க. நான் வாசல்லதான் நிக்கறேன். நேரா ஓனர்கிட்டயே சொல்லிடறேன், நான் இல்லன்னு. நம்ம ஆளுதானே, சொன்னா கேப்பாரு."

எந்தக் கடை என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் கவிதாவின் கடை.

உள்ளே போகாதே என்று நான் கத்தியது அவருக்குக் கேட்டதா தெரியாது. நல்லவேளை, ஒரு பேட்டிக்காக நான் தேக்காவில்தான் இருந்தேன். ஏன் போகக் கூடாது என்று அவரிடம் சொல்லவும் முடியாது. தீபாவளிக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்த வயதில் நான் ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் உள்ளே நுழைந்ததும், வாசலில் நின்ற ஒரு பையன் கண்ணாடிக் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பிவிட்டான். கடை மூடியிருக்கிறது என்று தெருவுக்குச் சொல்லும் பலகை. அவன் பக்கத்தில் இன்னொருவன் நின்றான். தேவி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். முதலாளி எதிரில், சட்டை மடிப்புக் கலையாமல், மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மேசைக்குப் பின்னால் விற்பனைப் பெண்கள் ஐந்து பேரும் ஒரே நிறப் புடவையில் வரிசையாக நின்றார்கள். கவிதா ஓரத்தில் இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தேன்.

"வாங்க மேடம், பேப்பர் ஆபீசா? நல்லதாப் போச்சு. டீ சாப்பிடுறீங்களா?" என்றார் முதலாளி. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்திருந்தார். பிறகு தேவியிடம் திரும்பினார். "பசங்க கோவக்காரங்கம்மா. நான் சொன்னாத்தான் கேப்பாங்க. நான் சொல்லணும்னா நீ உண்மையைச் சொல்லணும்."

"சார், நான் இல்ல சார். நான் சும்மா அவங்களைப் பாத்துக் கட்டினேன்."

"நீ இல்லன்னா யாரு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? கழுத்துக்கு மேல யாருமே பாத்ததில்ல."

"அந்த மாம்பழக் கலர் நம்ம கடைச் சரக்குதான்னு பசங்க சொல்றாங்க. ஏய், அதுல ஒண்ணு எடுத்துப் போடு."

கவிதா பக்கத்தில்தான் அந்த அடுக்கு இருந்தது. அவர் திரும்பி ஒரு புடவையை உருவி மேசை மேல் வைத்து, முந்தானையை விரித்தார். பதற்றத்தில் இடது கையால் செய்தார்.

"எத்தனை தடவை சொல்றது? ஆளுங்க முன்னாடி இடது கையா?" என்று முதலாளி அதட்டினார். கவிதா சட்டென்று கையை மாற்றிக்கொண்டார். முதலாளிக்கு அது பழகிப்போன திட்டுதான். திட்டிவிட்டுத் தேவி பக்கம் திரும்பிவிட்டார்.

ஆனால் தேவி திரும்பவில்லை. மேசை மேல் இருந்த அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மெல்ல உயர்த்தி, தோளைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முகத்தைப் பார்த்தார். கவிதாவும் அவரைப் பார்த்தார். தேவி ஒரே ஒரு விரலை நீட்டினால் போதும், வெளியே நிம்மதியாக நடந்து போகலாம். அப்படி நீட்டியிருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். இன்றும் சொல்ல மாட்டேன்.

"சொல்லும்மா. யாரு?" என்றார் முதலாளி.

தேவி முகத்தை அவர் பக்கம் திருப்பினார். "நான்தான் சார்."

முதலாளி சிரித்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? சரி, போனை எடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி, மன்னிப்புக் கேட்டுப் போடு."

தேவியால் அந்தப் பக்கத்தில் எப்படிப் போட முடியும்?

"போன்ல இல்ல சார். வீட்டு லேப்டாப்லதான் இருக்கு." தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். "போடறேன் சார். 'மன்னிச்சிடுங்க, எல்லாரும் கடைக்குப் போங்க, இந்தப் பேஜை மூடறேன்'னு போடறேன். ஓகேவா?"

"ஏழு மணிக்குள்ள வரணும். வரலைன்னா பசங்களை நான் பிடிச்சு வைக்க முடியாது."

"ஏழு மணிக்குள்ள வந்துரும் சார்."

கவிதா குனிந்து புடவையை மடித்துக்கொண்டிருந்தார். வலது கையால். காதில் விழுந்ததா, விழுந்தும் செய்வாரா, ஒன்றும் எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்து நாலு கடை தாண்டினோம். ஒரு நகைக்கடைப் படியில் தேவியை உட்கார வைத்தேன்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். நியாயம்தான். பிறகு சொன்னார், "நான் இங்க பொறந்தவ. என்னை எங்க அனுப்புவாங்க? அவங்களை நாளைக்கே பிளேன் ஏத்தி விட்டுருவாங்க லா."

"அவ மேல கோவம் வரலையா உனக்கு?"

"வருது. ரொம்ப வருது. என் கமெண்ட்டை டெலீட் பண்ணாங்க இல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அந்த முகம் எப்படி இருக்கும், எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கேன். இவ்ளோ பயந்த முகமா இருக்கும்னு நெனக்கல அக்கா."

திருத்தத்தைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இனிமேல் போட்டால் இருவருமே மாட்டிக்கொள்வார்கள். அலுவலகத்துக்கு வந்து ஆசிரியரிடம் சொன்னேன். படத்தில் இருப்பவரே திருத்தம் வேண்டாம் என்கிறார், காரணத்தை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சரி என்றேன். பக்கத்திலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு சமையல் குறிப்பு போனது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். கவிதாவின் கைப்பேசி முதலாளியின் மேசையில் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு விடும்போதுதான் கைக்கு வரும். இன்றைக்குப் பார்த்து விடாமல் போனால்? விட்டு, அவர் பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டால்? என்னை யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்தால் அதோடு தேவியின் பொய் அம்பலம். ஆறரைக்குப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தேவி கூப்பிட்டார். அவரும் திறந்து திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"வரல அக்கா."

"வரும்மா."

"ஒருத்தன் என்னையே பாக்கற மாதிரி இருக்கு. சும்மா பாக்கறானா, வேற மாதிரியான்னு தெரியல. போனை வைக்காதீங்க."

வைக்கவில்லை. ஏழு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது பக்கம் மாறியது. நாற்காலி மேல் மடித்து வைத்த ஒரு புடவையின் படம். ஆள் இல்லை, கை இல்லை. கீழே, தேவி கடையில் உரக்கச் சொன்னது அப்படியே, ஒரு சொல் மாறாமல்: 'மன்னிச்சிடுங்க. எல்லாரும் கடைக்குப் போங்க. இந்தப் பேஜை மூடறேன்.'

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவிதா அந்தக் கடையில் தன் பாஸ் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார், அந்தப் பக்கத்தை நடத்தியவர் அவர்தான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன், எழுதச் சொன்னார்கள். அந்தத் தவறான வரி மட்டும் நம் பழைய பிரதிகளில் இன்னும் திருத்தப்படாமல்தான் இருக்கிறது. திருத்தம் போடுவது நம் கடமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போடுவதற்கு முன், அது யார் தலையில் விழும் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன்பே கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. தேவியின் அழைப்பு இன்னும் என் காதோடுதான் இருந்தது. சார் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா? மூடிட்டா! ஒரே ஒரு கட்டுரை! இந்தக் காலத்துலயும் பத்திரிகைக்காரன் எழுதினா நடக்குதா இல்லையா?"

"நடக்குது சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் அடுத்த மேசைக்குக் காட்டப் போனார்.

"யாரு அக்கா அது?" என்றார் தேவி, காதுக்குள்.

"கட்டுரை எழுதினவர்."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க." நடக்கும் சத்தம் கேட்டது. பேருந்து ஒன்று கடந்து போனது. "என் பிளாக்குக்கு வந்துட்டேன். லிஃப்ட்ல யாரோ நிக்கறாங்க. ஏறட்டுமா?"

"தெரிஞ்சவங்களா?"

"தெரியல. பத்து மாடி படியேற முடியாது அக்கா. ஏறிடறேன்."

லிஃப்டுக்குள் போனதும் அவர் குரல் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்து என்ன செய்யப் போகிறேன், செங்காங் எங்கே, நான் எங்கே? தேவி, தேவி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

"அவங்க மூணாவது மாடில இறங்கிட்டாங்க. பாவம், யாரோ ஆன்ட்டி." சாவிக் கொத்து குலுங்கியது. இரும்பு கேட் திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. "உள்ள வந்துட்டேன். பூட்டிட்டேன்."

"பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பாரும்மா" என்றேன்.

இழுத்துப் பார்த்தார்.